சிங்கப்பூர், இலங்கை டொமைனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை? (எம்.சி.ரோடு கடைக்காகக் கேக்குறேன்)

எம்சிரோடு_நைட்டி | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோட்டுல நைட்டி, இன்ஸ்கர்ட் மொத்த வியாபாரம் பண்றோம். அப்பா ஆரம்பிச்ச கடை. தையல் யூனிட் கொருக்குப்பேட்டையில. உள்ளூர் கடைக்காரங்க போக, கொழும்பு புறக்கோட்டையில ஆறேழு பேர், சிங்கப்பூர் தேக்கா பக்கம் ரெண்டு பேர் வழக்கமா சரக்கு எடுக்கிறாங்க. இதுவரைக்கும் எல்லாம் வாட்ஸ்அப்லயே ஓடிச்சு. இப்ப வெப்சைட் போடலாம்னு ஒரு டிசைனர் தம்பியைக் கூப்பிட்டோம்.

அவர் கொடுத்த கொட்டேஷன்ல டொமைனுக்கு, அதாவது வெப்சைட் பேருக்கு, மட்டும் அஞ்சு வரி. டாட் இன், டாட் காம் ரெண்டும் ஆயிரம் ரூபாயைச் சுத்தி. டாட் எல்கே அதைவிட நல்லாவே கூட. டாட் எஸ்ஜி அதுக்கும் மேல. கடைசி வரி டாட் ஏஐ, ரெண்டு வருஷத்துக்கு 14,000 ரூபாய். கேட்டா "இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க"ன்றார்.

அஞ்சுலயும் பேரு ஒண்ணுதான், எங்க கடைப் பேரு. புள்ளிக்கு அப்புறம் வர்ற ரெண்டு எழுத்துக்கு இவ்வளவு வித்தியாசமா? துணின்னா எனக்கு மீட்டர் கணக்கு தெரியும், நூல் கவுண்ட் தெரியும். இதுல எதுக்குக் காசுன்னே பிடிபடலை.

அவசரம் என்னன்னா, நைட்டிக் கழுத்துல வைக்கிற லேபிள் புதுசா அடிக்கக் கொடுக்கணும். அதுல வெப்சைட் பேரு வரணும். குறைஞ்சது 5,000 பீஸ் ஆர்டர். எந்தப் பேரைப் போடணும்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லியாகணும்.

கல்மண்டபம் | செவ்வாய், இரவு 11:02

டிசைனர் மேல வெச்சு சொல்றார் அண்ணே. நேரா ஆன்லைன்ல பாருங்க, பாதி விலைக்கு வரும்.

தண்டையார்பேட்டை_சர்வர் | செவ்வாய், இரவு 11:48

கல்மண்டபம் சொல்றது இந்த விஷயத்துல சரி இல்லைன்னு நினைக்கிறேன். நான் ஹோஸ்டிங் சப்போர்ட்ல பதினோரு வருஷமா இருக்கேன். அந்த ஏஐ விலையை மட்டும் எடுத்துக்குங்க. அந்தப் பேர்களோட மூலப் பேரேட்டை வெச்சிருக்கிற பதிவகமே 2025ல வாங்கினது ரெண்டு வருஷத்துக்கு 140 டாலர். ஒரு வருஷத்துக்கு மட்டும்னு வாங்கவே முடியாது. டாலர் 85 ரூபாய்னு போட்டா 11,900. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டா 14,042. தம்பி உங்ககிட்ட லாபமே வைக்கலை. விலை மேல இருந்தே அப்படித்தான் வருது.

விளக்கமா சொல்றேன், கொஞ்சம் நீளும்.

புள்ளிக்குப் பிறகு ரெண்டே எழுத்துன்னா அது ஒரு நாட்டுக்கோ ஆட்சிப் பகுதிக்கோ உரியது. இன் நமக்கு, எல்கே இலங்கைக்கு, எஸ்ஜி சிங்கப்பூருக்கு. ஏஐ-ன்றது செயற்கை நுண்ணறிவுக்காக உண்டானது இல்லை. கரீபியன் கடல்ல இருக்கிற அங்குயிலாங்கிற குட்டித் தீவோட குறியீடு அது. ஆங்கிலத்துல மூணு எழுத்தும் அதுக்கு மேலயும் இருக்கிறது, காம், நெட், ஆர்க் மாதிரி, பெரும்பாலும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பொதுப் பேர்கள்.

நீங்க கட்டுற காசுல ஒரு பங்கு உங்களுக்கு விக்கிற கடைக்கு. அதுக்குப் பேர் ரிஜிஸ்ட்ரார். ஒரு பங்கு மூலப் பேரேட்டை வெச்சிருக்கிற ரிஜிஸ்ட்ரிக்கு, அதாவது பதிவகத்துக்கு. ரிஜிஸ்ட்ரார் பத்து பேர் இருப்பாங்க, அங்க பேரம், ஆஃபர் எல்லாம் நடக்கும். ரிஜிஸ்ட்ரி ஒவ்வொரு வாலுக்கும், அதாவது புள்ளிக்குப் பின்னாடி வர்ற எழுத்துக்கும், ஒண்ணுதான். டாட் காமுக்கு வெரிசைன். அவங்க ரிஜிஸ்ட்ரார்கிட்ட ஒரு பேருக்கு வருஷத்துக்கு வாங்குற விலை 2012ல இருந்து 2021 வரைக்கும் 7.85 டாலர். அப்புறம் நாலு தடவை ஏறி, 2024 செப்டம்பர்ல 10.26 டாலருக்கு வந்தது. இது போக, உலக அளவுல டொமைன் பேர்களை ஒருங்கிணைக்கிற ஐகேன் அமைப்புக்கு ஒரு பேருக்கு வருஷத்துக்கு 20 சென்ட். டாட் காம்ல வெரிசைன் இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. ஆறு வருஷத்துல முதல் ரெண்டு வருஷம் ஏத்தவே கூடாது, மீதி நாலு வருஷம் அதிகபட்சம் 7 சதவீதம்னு ஒப்பந்தத்துலயே இருக்கு.

நாட்டு டொமைனுக்கு இந்தக் கடிவாளம் கிடையாது. ஐகேன் பிறந்ததே 1998ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே நாட்டுக் குறியீடுகளைப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. நம்ம டாட் இன் 1989லயே வந்துடுச்சு. 1994ல இணைய முன்னோடி ஜான் போஸ்டல் எழுதின ஆர்எஃப்சி 1591ன்ற ஆவணம், நாட்டுக் குறியீட்டை நடத்துறவர் அந்த நாட்டு மக்களுக்கும் உலக இணையத்துக்கும் அறங்காவலர் மாதிரின்னு சொல்லுது. கோவில் சொத்துக்குத் தர்மகர்த்தா இருக்கிற மாதிரி. சொத்தை என்ன வாடகைக்கு விடணும், யாருக்கு விடணும்னு அந்தத் தர்மகர்த்தாதான் முடிவு பண்றார். வெளியில இருந்து யாரும் விலை வைக்கிறதில்லை.

மூலக்கொத்தளம்_பாய்ஸ் | புதன், காலை 7:15

எல்லாம் ஒரே வயர்லதானே போவுது? எழுத்து மாறினா சர்வருக்கு இன்னா கூடுதல் செலவு? இது பகல் கொள்ளைதான்பா. சும்மா ஒரு பேரை லிஸ்ட்ல ஏத்துறதுக்கு இவ்ளோ காசா?

தண்டையார்பேட்டை_சர்வர் | புதன், காலை 8:30

பேரை லிஸ்ட்ல ஏத்துறதுக்கு ஆகுற செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை, உண்மைதான். ஆனா அந்த லிஸ்ட்டை ஒரு நிமிஷம்கூட அணையாம வெச்சிருக்கிறதுக்கு ஆகுற செலவு இருக்கே, அது பேர் எத்தனைன்னு பார்க்காது.

ஆண்டர்சன் தெருவுல கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருப்பீங்க. நூறு அடிச்சாலும் பிளாக் காசு ஒண்ணுதான், ஆயிரம் அடிச்சாலும் அதேதான். நூறு அடிக்கிறவருக்கு ஒரு பத்திரிகை விலை கண்ணைக் கட்டும். இதுவும் அப்படித்தான். உலகம் முழுக்க பல இடத்துல நேம் சர்வர் (பேரைக் கேட்டா சைட் இருக்கிற இடத்தைச் சொல்ற கம்ப்யூட்டர்) வைக்கணும், தாக்குதல் வந்தா தாங்கணும், பேரேட்டுக்குப் பிரதி எடுத்து வைக்கணும், மோசடிப் பேர்களைப் பிடுங்க ஆள் வேணும், வழக்கு வந்தா வக்கீல் வேணும். டாட் காம்ல 15 கோடிக்கும் மேல பேர்கள் இருக்கு, இந்தச் செலவு பங்கு பிரிஞ்சு தூசியாப் போயிடும். சின்ன நாட்டோட பேரேட்டுல இருக்கிறது சில லட்சம், சில இடத்துல சில ஆயிரம். பங்கு பெருசாத்தான் விழும்.

நாடுன்னாலே விலை அதிகம்னும் இல்லை. ஜெர்மனியோட டாட் டிஇ-யை டெனிக்னு ஒரு கூட்டுறவு சங்கம் நடத்துது. 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல பேர்கள், விலை உலகத்துலயே மலிவான வரிசையில. நம்ம டாட் இன்னே நல்ல உதாரணம். 2005 வரைக்கும் ஏகப்பட்ட கெடுபிடி, மொத்தமே சில ஆயிரம் பேர்தான் வாங்கி இருந்தாங்க. அந்த வருஷம் டாட் இன்னை நடத்துற நிக்ஸி அமைப்பு எல்லாருக்கும் திறந்து விட்டுது, பல ரிஜிஸ்ட்ரார்களை விக்க விட்டுது. இன்னைக்கு 40 லட்சத்துக்கு மேல. அதனாலதான் உங்க கொட்டேஷன்ல டாட் இன் டாட் காம் பக்கத்துல நிக்குது.

பெரம்பூர்_லோகோ | புதன், காலை 9:05

சர்வர் சார், ஒரு திருத்தம். பொதுப் பேருக்கெல்லாம் விலை உச்சவரம்பு இருக்குன்ற மாதிரி படிக்கிறவங்க எடுத்துக்கக் கூடாது. டாட் ஆர்க், டாட் இன்ஃபோ, டாட் பிஸ் மூணுக்கும் இருந்த வரம்பை 2019லயே ஐகேன் எடுத்துட்டாங்க. டாட் ஷாப், டாட் ஸ்டோர் மாதிரி புதுசா வந்ததுக்கு ஆரம்பத்துல இருந்தே கிடையாது. முதல் வருஷம் 99 ரூபாய்னு இழுத்துட்டு, ரெண்டாவது வருஷம் மூவாயிரம்னு ரினியூவல் பில் வர்ற கதையெல்லாம் அங்கதான் அதிகம். எந்த வாலை வாங்கினாலும் முதல் வருஷ விலையைப் பார்க்காதீங்க, ரினியூவல் விலையைப் பாருங்க.

தண்டையார்பேட்டை_சர்வர் | புதன், காலை 9:20

சரியாச் சொன்னீங்க, நான் டாட் காமை மட்டும் மனசுல வெச்சு எழுதிட்டேன். வரம்பு அதுக்கு இருக்கிறது அமெரிக்க வணிகத் துறையோட தனி உடன்பாடு இருக்கிறதால.

ராயபுரம்_டியூஷன் | புதன், மதியம் 1:10

விலை எப்படி வேணா இருக்கட்டும் தம்பி, யார் பேர்ல பதியுறாங்கன்னு முதல்ல கேளுங்க. நான் பட்ட பாடு வேற யாருக்கும் வரக் கூடாது, அதனால எழுதுறேன்.

எங்க டியூஷன் சென்டருக்கு எட்டு வருஷம் ஒரு டாட் இன் பேர் இருந்தது. போட்டுக் கொடுத்தவர் அவரோட அக்கவுண்ட்ல, அவர் மெயில்ல, அவர் நம்பர்ல பதிஞ்சிருக்கார். எனக்கு அது தெரியவே தெரியாது, வருஷா வருஷம் காசு மட்டும் கொடுத்துட்டு இருந்தேன். அவர் ஊரை மாத்திட்டுப் போயிட்டார். ரினியூவல் மெயில் எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கு. ஒரு நாள் பசங்க வந்து "மிஸ், நம்ம சைட் திறக்கலை"ன்னாங்க. நான் ரிஜிஸ்ட்ராருக்குப் போன் பண்ணினா, "நீங்க யாரு? உங்க பேர்ல இங்க எதுவும் இல்லையே"ன்றாங்க. அவங்க மேல தப்புச் சொல்ல முடியாது, பேப்பர்ல நான் யாருமே இல்லை. மீட்கிற கெடுவுக்குள்ள அவரைத் தேடிப் பிடிக்க முடியலை. பேர் கை மாறிடுச்சு. எட்டு வருஷமா நோட்டீஸ்ல, பசங்க ஐடி கார்டுல, ஆட்டோ பின்னாடியெல்லாம் போட்ட பேர்.

பணம் எவ்வளவுன்னு கேட்டா அந்த வருஷ ரினியூவல் ஆயிரத்துக்குள்ளதான் இருந்திருக்கும். போனது பணம் இல்லை.

எம்சிரோடு_நைட்டி | புதன், மதியம் 2:25

அக்கா, இதைப் படிச்சதும் நேரா போய்க் கேட்டேன். எல்லாம் அவரோட அக்கவுண்ட்லதான் போடுறதா இருந்தாராம், "உங்களுக்கு ஏன் சிரமம்"னுதான் அப்படிச் சொன்னேன்றார். நல்ல பையன்தான். ஆனா அப்பா பேர்ல, கடை மெயில்ல தனி அக்கவுண்ட் திறக்கச் சொல்லிட்டேன்.

சர்வர் அண்ணே, எல்கே, எஸ்ஜி ரெண்டும் எதுக்கு அவ்வளவுன்னு இன்னும் சொல்லலை.

வியாசை_டு_ஜூரோங் | புதன், மாலை 6:50

சிங்கப்பூர்ல இருந்து எழுதுறேன், வீடு வியாசர்பாடி. இந்த எஸ்ஜி விஷயம் எனக்கு நேரடி அனுபவம். ஊர்ல ஒரு நண்பர் மசாலாப் பொடி வியாபாரத்துக்கு வாங்கினப்ப நான்தான் இங்க கையெழுத்துப் போட்ட ஆள்.

டாட் எஸ்ஜி வெளிநாட்டுக்காரங்க வாங்கலாம், ஆனா நிர்வாகத் தொடர்புன்னு ஒருத்தரைக் காட்டணும். அவருக்குச் சிங்கப்பூர் முகவரி இருக்கணும். பதிஞ்ச பிறகு அவருக்கு ஒரு மெயில் வரும். சிங்பாஸ்ல உள்ளே போய், "இது என் பொறுப்புதான்"னு 21 நாளுக்குள்ள உறுதி பண்ணணும். சிங்பாஸ்னா நம்ம ஆதார் ஓடிபி மாதிரி, இங்க அரசாங்க வேலை எல்லாத்துக்கும் அதுதான் சாவி. 21 நாள் தாண்டினா பேரை முடக்கிடுவாங்க. எனக்குப் பதினெட்டாவது நாள்தான் ஞாபகம் வந்தது. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல நின்னுட்டே பண்ணினேன்.

அப்படி ஆள் இல்லாதவங்களுக்கு ரிஜிஸ்ட்ராரே ஒரு முகவரி, ஒரு ஆளை வாடகைக்கு விடுவாங்க. உங்க கொட்டேஷன்ல எஸ்ஜி விலை எகிறினதுக்கு அதுதான் பெரிய காரணமா இருக்கும், தனி வரியாப் போட்டிருக்காரான்னு பாருங்க.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. தேக்காவுல இருக்கிற கஸ்டமரை அந்தத் தொடர்பா போடலாம்னு தோணும். நாளைக்கு அந்த சைட்ல ஏதாவது பிரச்சினைன்னா முதல் கேள்வி அவங்களுக்குத்தான் வரும். வேலைக்கு வந்த இடத்துல பெர்மிட்ல இருக்கிறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தண்டையார்பேட்டை_சர்வர் | புதன், இரவு 9:30

வியாசை எழுதினதுக்கு மேல எஸ்ஜி பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்லை. கனடா, ஆஸ்திரேலியாவிலயும் உள்ளூர்த் தொடர்பு இல்லாம பேர் தர மாட்டாங்க. ஐரோப்பிய ஒன்றியத்தோட டாட் இயு-வை பிரிட்டன்ல நிறையப் பேர் வெச்சிருந்தாங்க. நாடு ஒன்றியத்துல இருந்து வெளியேறினதும் அந்த முகவரியை வெச்சுப் பதிஞ்சவங்க தகுதி இழந்தாங்க. காசு கட்டி வெச்சிருந்த பேர்தான்.

எல்கே-வுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, வெளியூர்க்காரரும் வாங்கலாம். அங்க விலைக்குக் காரணம் நான் காலையில சொன்ன பத்திரிகைக் கணக்குதான். சின்ன நாடு, ஒரே பதிவகம், குறைஞ்ச எண்ணிக்கை. நம்ம ஊர் பெரிய ரிஜிஸ்ட்ரார்கள் பலர் எல்கே-வை நேரா விக்கிறதும் இல்லை. இடையில ஒரு கை மாறும்போது அங்கயும் ஒரு தொகை ஏறும். புறக்கோட்டைக் கடைக்காரர் அங்க இருந்தே வாங்கினா அந்த இடைக் காசு மிச்சம்.

மூலக்கொத்தளம்_பாய்ஸ் | புதன், இரவு 10:05

சரி, சிங்கப்பூர்க்காரன் ஆளைக் கேக்குறான், ஒத்துக்கிறேன். அந்த ஏஐ தீவு இன்னா பண்ணுது? எழுத்து லக்குல மாட்டிச்சு, உக்காந்த இடத்துல துட்டு. இது நாயமா?

தண்டையார்பேட்டை_சர்வர் | புதன், இரவு 11:15

இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு தெளிவான பதில் இருக்கு, ஒத்துக்காதவங்களும் இருப்பாங்க.

அங்குயிலாவுல மொத்தமே 16,000 பேர் பக்கம்தான். நம்ம தண்டையார்பேட்டையில நாலு தெரு சேர்ந்தா அவ்வளவு ஜனம் வந்துடும். சுற்றுலாவை நம்பின ஊர், புயல் அடிச்சா அந்த வருமானமும் போயிடும். 2023ல டாட் ஏஐ பேர்களால மட்டும் அந்த அரசாங்கத்துக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் வந்தது. மொத்த அரசு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குக்கும் மேல. வாங்குறவங்க யாரு? பெரும்பாலும் பெரிய முதலீட்டோட வர்ற கம்பெனிங்க. அவங்ககிட்ட அந்தக் காசை வாங்கி அரசாங்கக் கஜானாவுல சேர்க்கிறதை என்னால கொள்ளைன்னு சொல்ல முடியலை. பசிபிக்ல துவாலுன்னு ஒரு நாடு, சுமார் 11,000 பேர். டாட் டிவி அவங்களோடது. 2000ல 12 வருஷத்துக்கு 5 கோடி டாலர்னு ஒப்பந்தம் போட்டாங்க. அதே வருஷம் ஐ.நா.-வில உறுப்பினராச் சேர்ந்தாங்க, அதுக்கான செலவுக்கு இந்தப் பணம் உதவிச்சு.

நம்ம ஆள் கடல்ல வலை வீசுறான், அவங்களுக்கு ரெண்டு எழுத்துல மீன் விழுந்திருக்கு. எனக்கு அதுல வருத்தமே இல்லை.

ஆனா எல்லா இடத்துலயும் காசு ஊர்க்காரனுக்குப் போறதில்லை. டாட் ஐஓ-வைப் பாருங்க, சாஃப்ட்வேர்க்காரங்க ஆசை ஆசையா வாங்குறது. அது இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற சாகோஸ் தீவுகளோட குறியீடு. அந்த மக்களை 1968ல இருந்து 1973க்குள்ள பிரிட்டன் அங்க இருந்து வெளியேத்திடுச்சு. அவங்க மண்ணோட எழுத்து உலகம் முழுக்க வித்துட்டு இருக்கு, மண்ணுல அவங்க இல்லை. 2025 மே மாசம் தீவுகளை மொரிஷியஸுக்குக் கொடுக்கிறதா ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. நாட்டுக் குறியீடு நாட்டோட விதியோட கட்டினது. யூகோஸ்லாவியா போனதும் டாட் ஒய்யு-வும் 2010ல போச்சு.

அதனால நைட்டி அண்ணே, உங்களுக்கு ஏஐ வேண்டாம். அது தீவுக்குக் கொடுக்க மனசில்லாம சொல்றது இல்லை. உங்க கடைக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை, அவ்வளவுதான்.

பெரம்பூர்_லோகோ | வியாழன், காலை 6:40

ஒருத்தரும் டாட் இந்தியா பத்தி பேசலையே? தமிழ் எழுத்துலயே மூணு நாட்டு வால் இருக்கு: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இந்தக் கடை சரக்கு போற மூணு இடமும் அதேதான்! கடைப் பேரும் தமிழ், வாலும் தமிழ். லேபிள்ல தமிழ்லயே அடிக்கலாம்.

ராயபுரம்_டியூஷன் | வியாழன், காலை 7:30

கேக்கவே நல்லா இருக்கு. போன்ல டைப் பண்ணினா வேலை செய்யுமா?

தண்டையார்பேட்டை_சர்வர் | வியாழன், காலை 8:10

பிரவுசர்ல செய்யும் அக்கா. தமிழ்ல அடிச்சா திறக்கும். சிக்கல் வேற இடத்துல. உள்ளுக்குள்ள அந்தப் பேர் எக்ஸ்என் (xn)-னு தொடங்குற நீள ஆங்கில எழுத்துக் கோவையா மாறித்தான் போகும். சில ஆப்ல, சில பில்லிங் சாஃப்ட்வேர்ல அந்தக் கோவைதான் தெரியும். தமிழ்ப் பேர்ல மெயில் வெச்சா ஏத்துக்காத இடம் இன்னும் நிறைய. நான் என் சொந்தப் பேருக்கு ஒரு டாட் இந்தியா வெச்சிருக்கேன், விட மாட்டேன். ஆனா பில் அனுப்புற மெயிலை அதுல வைக்கலை. ரெண்டாவது பேரா வாங்கி, முதல் சைட்டுக்குத் திருப்பி விடுங்க, அது நல்ல வழி.

எம்சிரோடு_நைட்டி | வியாழன், இரவு 9:55

எல்லாருக்கும் நன்றி. காலையில அப்பாவுக்கு இந்த இழையை முழுசாப் படிச்சுக் காட்டினேன். ராயபுரம் அக்கா எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார்.

டாட் இன் அஞ்சு வருஷத்துக்குக் கட்டியாச்சு. பில்லுல கடைப் பேர், ஜிஎஸ்டி நம்பர், அப்பாவோட மெயில். ரினியூவல் தேதியைக் கல்லாப்பெட்டிக்கு மேல இருக்கிற காலண்டர் அட்டையில அவரே பேனாவுல எழுதி வெச்சிருக்கார். டாட் காமும் எடுத்தாச்சு, வேற யாரும் எடுக்கக் கூடாதுன்னு. தமிழ்ப் பேர் அடுத்த மாசம்.

எஸ்ஜி வேண்டாம்னு விட்டுட்டோம். வியாசை சொன்ன மாதிரி தேக்கா அக்காவைக் கேக்கத்தான் முதல்ல நினைச்சேன். அப்பா கேட்டார், "அந்தப் பொண்ணு நம்மகிட்ட துணி எடுக்குது, அதுக்கு நம்ம பாரத்தையும் தூக்கி வைக்கணுமா?"

எல்கே-வுக்குப் புறக்கோட்டை அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் சொன்னது, "தம்பி, எங்கட ஆக்கள் உங்கட கடையைத் தேடுறது மெட்ராஸ் சாமான் எண்டுதான். எல்கே போட்டால் உள்ளூர்ச் சாமான் எண்டு நினைப்பினம்." இதை இங்க யாருமே யோசிக்கலை, நானும்தான்.

லேபிள்காரருக்கு டாட் இன் பேரே கொடுத்தாச்சு. 5,000 பீஸ், வெள்ளை சாட்டின்ல ஊதா எழுத்து. மேல கடைப் பேர் தமிழ்ல, கீழ சின்னதா வெப்சைட். சனிக்கிழமை சாம்பிள் வருது. முதல் நைட்டியில தைச்சதும் போட்டோ போடுறேன்.

மூலக்கொத்தளம்_பாய்ஸ் | வியாழன், இரவு 10:12

போடு அண்ணே. எங்க அம்மாவுக்கு ரெண்டு எடுத்து வை, எக்ஸ்எல்.